பழைய மோட்டார் சைக்கிள் வாங்குதல்

சென்ற ஆடி மாதத்தில் ஒரு மாலை நேரம். என்னிடம் பௌதிகம் பயிலும் மாணவர் ஒருவர் வீட்டிற்கு வந்தார். வந்தவர் நெடுநேரம் பாடத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். ஆயினும், அவருடைய கண்கள் மட்டும் திண்ணையோரம் நின்ற என் மோட்டார் சைக்கிளையே நாடிச் சென்றன. இறுதியில் தயக்கத்தோடு செய்தியை வெளியிட்டார். மாலை வேளைகளில் ஓர் அச்சகத்தில் வேலை பார்த்து அவர் சேர்த்த பணமும், அவருடைய அன்னையார் சீட்டுக் கட்டி எடுத்த பணமுமாக 60,000 ரூபாய் இருக்கிறது. அதைக் கொண்டு ஒரு பழைய புல்லட் வாங்கவேண்டும். "நீங்கள் ஒருமுறை வந்து பார்த்துச் சொன்னால் போதும், ஐயா" என்றார்.

அந்தப் பணத்தை முன்பணமாகக் கட்டினால் பழுதில்லாத புதிய வண்டி ஒன்று தவணைக்குக் கிடைக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் பணிவோடு கேட்டுக்கொண்டார். ஆனால் மனம் மாறவில்லை. நான் வற்புறுத்தவும் இல்லை. என் திண்ணையோரத்தில் 1974-ஆம் ஆண்டு வண்டியை நிறுத்தி வைத்துக்கொண்டு, பிறருக்குப் புதிய வண்டியின் பெருமையைச் சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

அவருக்குச் சொன்னவற்றையும், சொல்லாமல் விட்ட ஒன்றிரண்டையும் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். 

பழைய மோட்டார் சைக்கிள் என்றதும் நம் நாட்டவர்க்கு முதலில் நினைவுக்கு வருவது புல்லட்டே. அதன் வரலாறு சற்று வேடிக்கையானது. இங்கிலாந்து நாட்டில் ரெட்டிச் என்னும் ஊரில் என்ஃபீல்டு சைக்கிள் கம்பெனி என்றொரு நிறுவனம் இருந்தது. துப்பாக்கித் தொழிற்சாலை ஒன்றிற்கு உறுப்புக்கள் செய்து கொடுத்த தொடர்பால் 'ராயல் என்ஃபீல்டு' என்ற பெயர் அதன் பொருள்களுக்கு வந்தது. 1901-இல் முதல் மோட்டார் சைக்கிளைச் செய்தார்கள். 'புல்லட்' என்ற பெயர் 1930-களின் தொடக்கத்தில் தோன்றியது. பின்சக்கரத்திற்கும் நல்ல சுருள்வில் அமைத்த புதிய புல்லட் 1949-இல் விற்பனைக்கு வந்தது. எல்லைக் காவலுக்கு உறுதியான வண்டி தேடிய இந்தியப் படையினர் அதனை விரும்பி வாங்கினர். அந்தத் தேவையை ஒட்டி 1955-இல், ரெட்டிச் நிறுவனமும் சென்னையிலிருந்த மெட்ராஸ் மோட்டார்ஸும் கூடி என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த உறுப்புக்களைப் பூட்டினார்கள். சில ஆண்டுகளில் எல்லா உறுப்புக்களையும் இங்கேயே செய்யக் கற்றுக்கொண்டார்கள்.

இனிமேல்தான் வேடிக்கை. 1970-ஐ ஒட்டி இங்கிலாந்தில் இருந்த தாய் நிறுவனம் மறைந்து போயிற்று. திருவொற்றியூர்க் குழந்தையோ தாய் வகுத்த அதே இயந்திரத்தை, ஏறக்குறைய அதே வடிவில், தொடர்ந்து செய்து வந்தது. 1977-இல் இங்கிலாந்திற்கே ஏற்றுமதியும் செய்தது! பழைய வார்ப்பிரும்பு இயந்திரம் இந்த நூற்றாண்டின் முதற் பத்தாண்டின் இறுதிவரை வழக்கில் இருந்தது. இதனால் நமக்கு விளைந்த நன்மை ஒன்று உண்டு. ஐம்பது ஆண்டுக்காலம் ஒரே வடிவம் நீடித்தமையால், 1965-ஆம் ஆண்டு வண்டிக்கு வேண்டிய உறுப்பு பலவும் இன்றும் கடையில் கிடைக்கும். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் புதியது கிடைக்கும். புதுப்பேட்டையில் கழற்றிய பழையது கிடைக்கும். பழைய வண்டி வாங்க எண்ணுபவர் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, "வண்டி அழகாக இருக்கிறதா?" என்பதன்று, "உறுப்பு எங்கே கிடைக்கும்?" என்பதே. அருமையான வண்டி என்று ஊரார் வியக்கும் அயல்நாட்டு இயந்திரம் ஒன்று, ஒரு சிறு ரப்பர் வளையம் கிடைக்காமல் கொட்டகையில் ஆண்டுக்கணக்கில் நிற்பதை நான் கண்டிருக்கிறேன்.

மைசூரில் பிறந்த ஜாவாவையும் இங்கே சொல்லவேண்டும். செக்கோஸ்லோவாகியா நாட்டு வண்டியாகிய அதனை 1961 முதல் மைசூர்த் தொழிற்சாலையில் செய்தார்கள். பிற்காலத்தில் 'யெஸ்டி' என்று பெயர் மாறி, 1996-இல் அத்தொழிற்சாலை மூடப்படும் வரை வந்துகொண்டிருந்தது. கிக்கரும் கியர் மாற்றும் கோலும் ஒன்றேயாக அமைந்த விந்தை அதில் உண்டு. ஒரே கோலை உட்புறம் அழுத்தித் திருப்பினால் கிக்கர். திருப்பி முன்னால் விட்டால் கியர்.

இனி, இவ்வண்டிகளில் இன்பம் எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். விரைவில் இல்லை. இன்றைய சிறிய வண்டிகள் பலவும் என் புல்லட்டை எளிதில் முந்திச் செல்கின்றன. இன்பம், இயந்திரம் தன் வேலையை நம் கண்ணுக்கும் காதுக்கும் மறைக்காமல் செய்வதில் இருக்கிறது. புல்லட்டின் உருளை 70 மில்லிமீட்டர் விட்டமும், அதனுள் பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மில்லிமீட்டரும் உடையது. கணக்கிட்டுப் பார்த்தால் 346 கன சென்டிமீட்டர் வரும். இதனையே 350 என்கிறோம். விட்டத்தினும் வீச்சு நீண்டிருப்பதாலும், உள்ளே சுழலும் சக்கரம் கனமாக இருப்பதாலும் அது நிதானமாகச் சுழலும்போதே நல்ல இழுப்பைத் தருகிறது. இது நான்கு வீச்சு இயந்திரம். இரண்டு சுற்றுக்கு ஒருமுறையே வெடிப்பு நிகழும். நிற்கும் வேளையில் நிமிடத்திற்கு 800 சுற்று என்று கொண்டால், வினாடிக்கு ஆறேழு வெடிப்புக்கள். காது ஏறக்குறைய எண்ணிவிடக்கூடிய வேகம் அது. நெடுந்தொலைவிலேயே 'புல்லட் வருகிறது' என்று சிறுவர்கள் சொல்லிவிடுவதற்குக் காரணம் இதுவே.

அதைக் கிளப்பும் முறையும் ஒரு பாடம். முகப்பு விளக்கின் மேலே அம்மீட்டர் என்னும் மின்னோட்டமானி இருக்கிறது. சாவியைத் திருப்பிக் கிக்கரை மெல்ல அழுத்துங்கள். மின்பொறிக்கு உரிய பாயிண்ட் மூடியிருக்கும்போது முள் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். திறந்ததும் நடுவுக்கு வந்துவிடும். அதாவது பிஸ்டன், காற்றை நெருக்கி ஏறக்குறைய உச்சிக்கு வந்திருக்கிறது என்று பொருள். அவ்விடத்தில், கைப்பிடியருகே உள்ள சிறு நெம்புகோலைப் பிடித்து உருளையின் அழுத்தத்தைச் சற்றே வெளியேற்றிப் பிஸ்டனை உச்சி தாண்டச் செய்யவேண்டும். பின் நெம்புகோலை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, ஒரே மூச்சில் மிதிக்கவேண்டும். முரட்டு வலிமை வேண்டா. என் தாயார் ஒருமுறை என்னை விலக்கிவிட்டு இரண்டாம் மிதியில் கிளப்பிக் காட்டினார். ஆனால் பொறி பாயும் நேரம் முந்தி வைக்கப்பட்டிருந்தால், அதே கிக்கர் திருப்பி அடிக்கும். செருப்புக் காலோடு மிதித்துக் கணுக்கால் வீங்கியோர் பலர். ஆகவே, மூடிய காலணி இல்லாமல் கிக்கரில் கால் வையாதீர்கள்.

இரண்டு வீச்சு இயந்திரத்தை உடைய ஜாவா, யெஸ்டி வண்டிகளுக்கு வேறொரு குணம். அவற்றில் இயந்திரத்திற்கு வேண்டிய எண்ணெயைப் பெட்ரோலிலேயே கலந்து ஊற்றவேண்டும். கையேடு 25 பங்கிற்கு 1 பங்கு என்று கூறினால், லிட்டருக்கு 40 மில்லிலிட்டர். ஊற்ற மறந்தால் பிஸ்டன் சூடேறி உருளையைப் பற்றிக்கொள்ளும். ஓட்டத்திலேயே பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். ஊற்ற மறவாதவர்க்கும் ஒரு கண்ணி உண்டு. கொல்லிமலையின் எழுபது வளைவுகளில் இறங்கி வருகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடியை முழுவதும் தளர்த்திவிட்டீர்கள். சக்கரமோ இயந்திரத்தைச் சுழற்றிக்கொண்டே இருக்கிறது. பெட்ரோல் வராதபோது, அதனோடு கலந்த எண்ணெயும் வராது அன்றோ? எனவே, நீண்ட இறக்கத்தில் இடையிடையே கிளட்சைப் பிடித்துக் கைப்பிடியைச் சற்றுத் திருகி இயந்திரத்திற்கு எண்ணெய் ஊட்டவேண்டும். இழுப்பு திடீரெனக் கெட்டுப் போவதாகத் தோன்றினால் அந்தக் கணமே கிளட்சைப் பிடிக்கவேண்டும். இரண்டு விரல்களைக் கிளட்சின் மேலேயே வைத்துக்கொண்டு ஓட்டுவது பழைய இரண்டு வீச்சு வண்டிக்காரரின் வழக்கம்.

இப்போது, என் மாணவரிடம் முதல் நாளிலேயே சொல்லிவிட்ட செய்திக்கு வருகிறேன். சொல்வதற்கு இனியதன்று.

1991-இல் நான் இந்தப் புல்லட்டை வாங்கினேன். அதற்கு முன் என் தமையனாரின் யெஸ்டியை ஐந்தாண்டுகள் ஓட்டியிருந்தேன். யெஸ்டியில், இன்றைய வண்டிகளைப் போலவே, வலக்காலில் பிரேக்கு; இடக்காலில் கியர். பழைய புல்லட்டில் இது தலைகீழ். வலக்காலில் கியர், இடக்காலில் பிரேக்கு. இரண்டு வாரத்தில் பழகிவிட்டது என்று நினைத்தேன். அறிவுக்குப் பழகியிருந்தது, காலுக்குப் பழகவில்லை. ஒருநாள் காலை, சந்திலிருந்து ஒரு சிறுவன் சைக்கிளில் குறுக்கே வந்தான். என் வலக்கால் தானாகவே கீழே அழுத்திற்று. அந்தப் பெட்டியில் முதல் கியருக்குக் கோலை மேலே தூக்கவேண்டும். மற்ற மூன்றிற்கும் கீழே அழுத்தவேண்டும். ஆகவே, வண்டி நிற்பதற்கு மாறாக மூன்றிலிருந்து நான்காம் கியருக்குச் சென்றது. சிறுவனின் மணிக்கட்டு முறிந்தது. வலக்கை. அரையாண்டுத் தேர்வை அவன் எழுதவில்லை.

இத்துடன் முடியவில்லை. வண்டியை எனக்கு விற்றவர் எழுபது வயதான ஓய்வுபெற்ற அலுவலர். பெயர் மாற்றத்திற்குரிய தாள்களில் அவர் வாங்கிய அன்றே கையெழுத்திட்டுக் கொடுத்திருந்தார். நான்தான், 'நாளை பார்ப்போம், நாளை பார்ப்போம்' என்று இரண்டு மாதங்களாக அவற்றை மேசையறையில் வைத்திருந்தேன். பதிவுப் புத்தகத்தில் அவர் பெயரே இருந்தது. விபத்தைப் பற்றிய நீதிமன்ற அறிவிப்பு அவர் வீட்டிற்குப் போயிற்று. அதைக் கையில் பிடித்துக்கொண்டு பேருந்தில் ஏறி அவர் என் வீட்டு வாயிலுக்கு வந்து நின்ற காட்சியை நான் மறக்க முடியாது. அவர் என்னைக் கடிந்துகூடப் பேசவில்லை. "என்ன தம்பி, இப்படிச் செய்துவிட்டீர்களே" என்று மட்டும் சொன்னார்.

மோட்டார் வாகனச் சட்டப்படி, ஒரே மாநிலத்திற்குள் விற்றவர் 14 நாள்களுக்குள்ளும் வாங்கியவர் 30 நாள்களுக்குள்ளும் அலுவலகத்திற்குத் தெரிவிக்கவேண்டும். 29, 30 என்ற எண்ணுள்ள படிவங்கள் இதற்கு உரியவை. வண்டி பல கை மாறியிருந்தாலும், பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டிற்குப் பொறுப்பாளி என்று 2018-இல் உச்சநீதிமன்றமும் உறுதி செய்திருக்கிறது. "கையெழுத்திட்ட தாள் இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்" என்று சொல்லும் தரகரிடமிருந்து வண்டி வாங்காதீர்கள். அந்தத் தாளில் கையெழுத்திட்ட முதியவர் ஒருவர் எங்கேயோ தம் வீட்டில் உறங்கிக்கொண்டிருக்கிறார்.

பிரேக்கைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியாகவேண்டும். பழைய வண்டிகளில் இருப்பது டிரம் பிரேக்கு. சக்கரத்தின் நடுவிலுள்ள குடத்திற்குள் இரண்டு பிறைவடிவக் கட்டைகள் விரிந்து உட்சுவரை அழுத்துகின்றன. மழைநீர் உள்ளே புகுந்தால் சிறிது நேரம் பிடிப்பு இராது. நீண்ட இறக்கத்தில் தொடர்ந்து பிடித்தால் சூடேறிப் பிடிப்பு நழுவும். இவ்வகைப் பிரேக்கு, வினாடிக்கு வினாடி 4 மீட்டர் வீதம் வேகத்தைக் குறைப்பதாக வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போடுங்கள். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஏறத்தாழ 9 மீட்டரில் நிற்கும். 60 கிலோமீட்டரில்? பதினெட்டு என்று விடை சொல்பவர் விழுந்துவிடுவார். இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே நான்கு மடங்காகி, ஏறத்தாழ 35 மீட்டர் ஆகிறது. கண் கண்டு கை பிடிப்பதற்குள் கழியும் ஒரு வினாடியில் ஓடும் 17 மீட்டரையும் கூட்டினால் 50 மீட்டருக்கு மேல். உங்களுக்கு முன்னால் செல்லும் புதிய வண்டியில் தட்டுப் பிரேக்கும், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பும் இருக்கும். அது ஏறத்தாழ 20 மீட்டரில் நின்றுவிடும், நீங்கள் நிற்கமாட்டீர்கள். பழைய வண்டியில் முன்வண்டியோடு விடும் இடைவெளி கோழைத்தனமன்று, பௌதிகம்.

என் மாணவரும் நானும் முதலில் பார்க்கப் போன வண்டி, ஸ்ரீரங்கத்தை அடுத்த ஒரு தெருவில் நின்றது. போகும் முன்பே, "நாங்கள் வரும்வரை கிளப்பவேண்டாம்" என்று தொலைபேசியில் கேட்டுக்கொண்டோம். போய் உருளைக்கு அருகே கையைக் கொண்டு சென்றேன், கதகதப்பு. சற்று முன்புதான் ஓட்டிச் சூடேற்றியிருக்கிறார்கள். குளிர்ந்த இயந்திரம் தன் நோய்களை மறைக்காது. கிளம்பத் தாமதிக்கும், தட்டல் ஓசை கேட்கும், புகை விடும். சூடேறியபின் பல குறைகள் ஒளிந்துகொள்ளும். புகையின் நிறத்தைப் படிக்கத் தெரிந்தால் பாதி மருத்துவம் தெரிந்தது போல. நான்கு வீச்சு வண்டியில் நீலப்புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. வளையங்கள் தேய்ந்திருக்கலாம், அல்லது உருளையே தேய்ந்திருக்கலாம். கறுப்புப் புகை பெட்ரோல் மிகுதியைக் காட்டும். குளிர்ந்த காலையில் சிறிதே தோன்றி மறையும் வெண்புகை வெறும் நீராவி. உருளை தேய்ந்தால் அதைக் குடைந்து பெரிதாக்கிப் பெரிய பிஸ்டன் பூட்டுவார்கள். அதற்கும் ஓர் எல்லை உண்டு. ஏற்கெனவே எத்தனை முறை போர் செய்தார்கள் என்று கேட்டறிய வேண்டும்.

"டாக்டர் வண்டி, ஒரே கை" என்றார் விற்பவர். பழைய வண்டி விற்போர் அனைவரும் ஏனோ மருத்துவரிடமிருந்தே வாங்கியிருக்கிறார்கள். நான் பையிலிருந்து மெல்லிய தாளையும் பென்சிலையும் எடுத்தேன். சேஸி எண்ணின் மீது தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால், எழுத்துக்கள் அப்படியே பதியும். அலுவலகத்தில் இன்றும் கேட்கும் அச்சு இதுவே. எண்களில் ஐந்து தெளிவாகப் பதிந்தன. கடைசி இரண்டும் மட்டும் ஆழம் குறைந்து, வேறு வடிவ எழுத்தாகப் பதிந்தன. அருகே அரம் தேய்த்த கோடுகளும் தாளில் வந்தன. மேலே பளபளக்கும் புது வண்ணம் இருந்ததால் வெறுங்கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. தாளை மாணவரிடம் காட்டினேன். அவர் முகம் வாடிவிட்டது. அந்த வண்டியின் டேங்க்கைத் துடைத்துக்கூடப் பார்த்துவிட்டார், பாவம். நன்றி கூறி வெளியே வந்தோம். திருட்டு வண்டி என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்த ஐயம் தீராத வண்டியில் ஒரு தாயின் சீட்டுப் பணத்தைப் போட இயலாது.

இரண்டாவது வண்டி லால்குடிக்கு அப்பால் ஒரு சிற்றூரில், மாட்டுக் கொட்டகையின் கோடியில் நின்றது. 1986-ஆம் ஆண்டு புல்லட். உரியவர் காலமாகி எட்டு ஆண்டுகள். அவருடைய மனைவி, சாக்கை விலக்கிக் காட்டினார். பார்வைக்கு அவலமாக இருந்தது. குரோம் உதிர்ந்து போயிருந்தது. இருக்கையை எலி கடித்திருந்தது. ஆனால் எஞ்சின் எண்ணும் சேஸி எண்ணும் பதிவுப் புத்தகத்தோடு ஒத்திருந்தன. உள்ளே எண்ணெய் இருந்தது. கிக்கரை அழுத்தியபோது பிஸ்டன் தடையின்றி அசைந்தது. நான் இந்த வண்டியையே விரும்பினேன். வண்ணம் பூசிய பொய்யைவிடத் துருப்பிடித்த உண்மை மலிவாக முடியும்.

நெடுநாள் நின்ற வண்டிக்கு என்று சில நோய்கள் உண்டு. டேங்க்கிலிருந்த பெட்ரோல் ஆவியாகிப் பிசின் போன்ற கசடு தங்கிக் கார்புரேட்டரின் ஊசித்துளைகளை அடைத்துவிடுகிறது. புல்லட்டில் எண்ணெய்த் தொட்டி இயந்திரத்தின் உடலிலேயே ஒரு பகுதி. நின்ற வண்டியில் எண்ணெய் மெல்லக் கசிந்து அச்சுச் சுழலும் அறைக்குள் இறங்கிவிடும். தொட்டியில் அளவு குறைவாகத் தோன்றும். விவரமறியாதவர் மேலும் ஊற்றுவார்; கிளப்பியதும் மிகுதி முழுவதும் எல்லா மூட்டுக்களிலும் பீறிடும். முதலில் கீழுள்ள திருகைக் கழற்றி வடிக்கவேண்டும். டயரில் பள்ளங்கள் ஆழமாகவே இருக்கலாம். ஆயினும் ரப்பர் முதுமையால் இறுகியிருக்கும். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் உண்டு. 2309 என்றிருந்தால் 2009-ஆம் ஆண்டின் இருபத்து மூன்றாம் வாரத்தில் செய்தது என்று பொருள். இதனைப் படிக்கத் தெரிந்தவர்க்கு 'புது டயர் போட்டிருக்கிறேன்' என்ற சொல் பலிக்காது. அண்மையில் மற்றொரு தொல்லையும் சேர்ந்திருக்கிறது. 2025-இல் நாடெங்கும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் வழக்கிற்கு வந்தது. எத்தனால் நீரை ஈர்க்கும். பழைய ரப்பர்க் குழாய்களையும் வளையங்களையும் இளக்கும். ஆதலின் பழைய வண்டிக்கு இக்காலத்து எரிபொருளுக்கேற்ற குழாய்களைப் பூட்டுவதும், மாதக்கணக்கில் நிறுத்துவதாயின் பெட்ரோலை வடித்துவிடுவதும் நல்லது.

தாள்களில்தான் சிக்கல் இருந்தது. பதிவு காலமானவர் பெயரில் இருந்தது. அதன் காலமும் முடிந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் வண்டியைக் கொண்டு போய்க் காட்டி ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கவேண்டும். பசுமை வரி என்று ஒன்றும் கட்டவேண்டும். முதலில் அந்த அம்மையார் பெயருக்கு 31-ஆம் படிவத்தால் மாற்றி, அதன் பின்னரே மாணவர் பெயருக்கு மாற்றவேண்டும். "எல்லாவற்றையும் முடித்தபின் முழுத் தொகையைத் தருகிறோம், இப்போது முன்பணம்" என்று ஒப்பந்தம் எழுதினோம். விலை 35,000 ரூபாய். எஞ்சியது பழுதுபார்ப்பதற்கு. வாங்கும் விலை பாதி, சீர்செய்யும் செலவு பாதி என்று முன்கூட்டியே பிரித்து வைக்காதவர்கள், கழற்றிய வண்டியைக் கோணிப்பையில் கட்டி விற்கும் நிலைக்கு வருவதுண்டு.

ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2021 முதல் தனிப்பதிவு ஒன்றும் ஏற்பட்டிருக்கிறது. ஆனால் அவ்வாறு பதிந்த வண்டியைக் கண்காட்சி, அணிவகுப்பு போன்றவற்றிற்கு ஓட்டலாமேயன்றி நாள்தோறும் ஓட்டலாகாது. கல்லூரிக்குச் செல்ல வண்டி தேடுபவர் அந்தப் பெருமையை நாடவேண்டியதில்லை.

வண்டியைப் பாலக்கரைப் பக்கம் எனக்கு நெடுநாள் பழக்கமுள்ள பாயின் பட்டறையில் விட்டோம். அவர் மாணவரைத் தம்மருகே உட்காரவைத்து ஒவ்வொரு திருகையும் அவரையே கழற்றச் சொன்னார். "நான் பண்ணினால் வண்டி என்னுடையது, நீ பண்ணினால்தான் உன்னுடையது, தம்பி" என்பது அவர் வழக்கமான பேச்சு. கழற்றிய உறுப்புக்களை வரிசையாகத் தாளில் வரைந்து வைக்கும்படி நான் சொன்னேன். பாய் சிரித்தார், ஆனால் கியர்ப்பெட்டியைத் திரும்பப் பூட்டும் நாளில் அந்தத் தாளை அவரே கேட்டு வாங்கிப் பார்த்தார். பாயிண்ட்டின் இடைவெளியை அளவுத்தகடு வைத்துப் பார்ப்பது, வால்வுத் தண்டு குளிர்ந்த நிலையில் விரலால் உருட்டினால் உருளும்படியும் மேலும் கீழும் ஆடாதபடியும் அமைப்பது, கார்புரேட்டரைக் கழுவுவது ஆகியவற்றை மாணவர் இரண்டு மாதத்தில் கற்றுக்கொண்டார். பள்ளிக் காலத்தில் தாம் மனப்பாடம் செய்த நான்கு வீச்சுப் படம் இப்போதுதான் அசைகிறது என்று ஒருநாள் என்னிடம் சொன்னார்.

கார்த்திகை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இயந்திரம் கிளம்பிற்று. பதினோராவது மிதியில். அன்று முதல் அவரை வெறும் மைதானத்தில் மட்டுமே ஓட்டச் செய்திருக்கிறேன். இருபது கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது நான் எதிர்பாராத நேரத்தில் கை தட்டுவேன், அவர் நிறுத்தவேண்டும். முதல் வாரத்தில் நாற்பது முறையில் பதினொரு முறை வலக்காலை அழுத்தினார். சென்ற வாரம் ஒருமுறை. அந்த ஒன்றும் போகும்வரை சாலைக்கு வரக்கூடாது என்பது ஏற்பாடு. தலைக்கவசத்தை முதல் நாளே வாங்கியாயிற்று.

முன்பணம் கொடுத்த அன்று, கொட்டகையிலிருந்து வண்டியைத் தள்ளி வெளியே கொண்டுவந்தபோது அந்த அம்மையார் விலையைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. "ஓடத் தொடங்கியதும் ஒருமுறை இந்தப் பக்கமாக வா, தம்பி. சத்தம் கேட்கவேண்டும்" என்று மட்டும் சொன்னார். பெயர் மாற்றம் இப்போது முடிந்துவிட்டது. பின்பிரேக்கிற்குப் புது லைனிங் ஒட்டக் கொடுத்திருக்கிறோம். அது வந்ததும் லால்குடிக்குப் போவதாக இருக்கிறோம். மாணவர் அவருடைய வண்டியில் முன்னால் செல்வார். நான் என்னுடையதில், ஐம்பது மீட்டர் பின்னால்.